மாரியின் கிணறு

மேரிசெலின் டென்மார்க்குக்கு வந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. இந்த ஐந்து மாதத்தில் அவள் கணவன் அந்தோனிதாசன் அவளை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இஞ்சாரும், தேத்தண்ணி கிடக்கே?" "இஞ்சாரும், குடையை எடுத்தனீரோ?" எல்லாம் இஞ்சாரும்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். அதனால் அவள் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

பிரெடெரிசியா நகரச் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை. எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபர். அவள் பூக்கோவாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, எது பாரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அந்தோனிதாசன் கையை உயர்த்தி, சதுக்கத்தின் அந்தக் கரையைப் பார்த்து, "வாரி" என்று கூப்பிட்டான்.

அப்படியொரு குரல் அவனிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவன் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது. இந்தக் குரலுக்குப் பூக்கோவா விற்றவனே நிமிர்ந்து பார்த்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் திரும்பிச் சிரித்தாள். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். ஆண்களின் மழைக்கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். கழுத்தில் கறுப்பு நூலில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் மேரிசெலினுக்கும் கைகொடுத்துவிட்டுக் காற்றுக்குக் குனிந்தபடி போய்விட்டாள்.

"ஆர் அது?" என்று பஸ்ஸில் ஏறியபிறகு மேரிசெலின் கேட்டாள்.

"அதுதான் மாரி. எங்கட ஸ்கொத்லாந்துக்காரி. சொன்னனான்தானே."

"மாரி எண்டுதான் சொன்னனீங்கள். இப்ப வாரி எண்டெல்லே கூப்பிட்டனீங்கள்."

"கூப்பிடேக்க அப்பிடித்தான்" என்றான் அவன், பஸ் பயணச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி. 

கூப்பிடும்போது அப்படித்தானாம். ஊருக்குச் சொல்ல ஒரு பெயர், முகத்துக்கு நேரே கூப்பிட இன்னொரு பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். செல்லப்பெயர். மடியில் கிடந்த பூக்கோவாவை அவள் வீடு வரும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தோனிதாசன் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக இருந்தவன். எண்பத்துநாலு முடிவில் டென்மார்க்குக்கு வந்தான். மொழிப்பள்ளியில் ஒன்றரை வருடம் இருந்தபிறகு, பழைய காலத்து வரைபடங்களைத் தயாரிக்கும் ஒரு சின்ன நிலையத்துக்குக் கொம்யூன் என்னும் நகரசபை அவனைப் பயிற்சிக்கு அனுப்பியது. ஆறு மாதப் பயிற்சி. நன்றாகச் செய்தால் சம்பளத்தோடு வேலை. அங்கேதான் மாரி இருந்தாள். ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு தீவு. அவள் பிறந்த தீவு. பண்டைக்காலத்தில் இந்தப் பக்கத்துக் கப்பல்காரர்கள் போய்க் குடியேறி வைத்த பெயர்கள் அங்கே பாதி. மற்றப் பாதி, தீவுச் சனங்களின் சொந்த மொழியான கேலிக் மொழிப் பெயர்கள். இரண்டையும் சேர்த்து, பொருளும் எழுதி ஒரு வரைபடம் போடுவதற்காக மாரி ஒரு வருடத்துக்கு வந்திருந்தாள்.

வேலை இப்படி நடக்கும். தீவுக் கிழவர் கிழவிகளின் குரலை மாரி கசெற்றில் பதிந்து வைத்திருந்தாள். அதைப் போடுவாள். ஒரு பெயர் வரும். நிறுத்தி, அதன் பொருளைச் சொல்லுவாள். கேலிக்கில் எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறொன்று என்பதால் அந்தோனிதாசன் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் பென்சிலால் குறித்துக்கொள்வான். இடப்பக்கம் ஒலி, வலப்பக்கம் பொருள். அடுத்த நாள் கொப்பியைப் பார்த்து, படத்தின் ஓரத்தில் வரும் பொருள் பட்டியலை ஆங்கிலத்தில் மையால் எழுதுவான்.

இதையெல்லாம் அவன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து தினமும் சொன்னான். மலைக்கு அங்கே எட்டுப் பெயராம். கன்று மேயும் மலை வேறு, ஆடு மேயும் மலை வேறாம். மேரிசெலினுக்கு முதலில் அவன் சந்தோசம் பிடித்திருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அவன் "மாரி சொன்னா" என்று தொடங்கினாலே அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கும் மேல்வீட்டு விமலாதேவிக்கும் நிலவறையில் துணி துவைக்கும் முறை. விமலாதேவி கொக்குவில்காரி, அவளைவிட ஆறு வயது மூப்பு. மெசின் சுற்றத் தொடங்கியதும் மேரிசெலின் விசயத்தைச் சொன்னாள்.

"என்ன மொழி எண்டு சொன்னனீர்?"

"கேலிக்."

"கேலியோ? அப்ப உம்மட மனுசன் கேலி பண்ணித்தான் காசு உழைக்கப் போறாரோ?"

"பகிடி விடாதேங்கோ அக்கா. எனக்கு நெஞ்செரியுது."

"மாரி எண்டா எங்கட அம்மன். மாரியைக் கும்பிட நாங்கள் இருக்கிறம். சிலுவை போட்ட வேதக்காரருக்கு அங்க என்ன வேலை?" விமலாதேவி பவுடர் டப்பாவை மூடினாள். "கூப்பிடுறது வாரி எண்டோ?"

"ஓம்."

"வாரி அணைக்கிறதிலை வாற வாரியோ?"

 மேரிசெலின் தலையணை உறையை இரண்டு தரம் பிழிந்தாள். பகிடி எல்லை தாண்டியது விமலாதேவிக்கும் தெரிந்தது. "சும்மா சொன்னனான், செலின். அந்தோனி அப்பிடியான ஆளில்லை" என்றாள். ஆனால் சொல் சொல்லியாகிவிட்டது.

அந்த நிலவறையில் நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த நாட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் விமலாதேவிதான். அவன் ஒருகாலம் கூப்பிட்டான். கூப்பிட்டான் என்பதைவிட எழுதினான். பிரிந்திருந்த அந்த ஒன்றரை வருடமும் கிழமைக்கு ஒரு நீலக் கடிதம். ஒவ்வொன்றும் "என் அன்புச் செலின்" என்று தொடங்கும். அந்த மூன்று சொல்லையும் அவள் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு வாசிப்பாள். விசா கிடைத்து, விமானம் ஏறி, அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் செலின் இஞ்சாரும் ஆகிவிட்டாள். தூரத்தில் இருந்தால்தான் பெயர் கிடைக்குமோ? அல்லது பெயர் சொல்லுகிற வாயை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாளோ?

வியாழக்கிழமை பின்னேரம் அவன் டேனிஷ் வகுப்புக்குப் போயிருந்தான். கொப்பி மேசையில் கிடந்தது. அவள் அதைத் திறக்கக்கூடாது என்று நினைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்தாள்.

அவன் கையெழுத்து அச்சுப்போல இருந்தது. தொம் நம் போக், முத்தங்களின் மண்திட்டி. ஆ ஹியக், மார்பு போன்ற மலை. அவளுக்குக் காது சூடானது. இதைத்தான் இரண்டு பேரும் பகல் முழுக்க ஒரு மேசையில் இருந்து கேட்கிறார்களா? அடுத்த பக்கம் புரட்டினாள். கன்றுப் பட்டி, கறுத்த மாட்டின் துறை, பால் மாடு மேயும் தரவை. அதற்குக் கீழே:

தோபர் வாரி — மாரியின் கிணறு.

வாரி. மாரி. ஒரே வரியில் இரண்டு பெயரும். அவளுக்காக ஒரு கிணறு. வரைபடத்தில். ஆயிரம் பிரதி அச்சடித்து நூலகம் நூலகமாக வைக்கப்போகும் வரைபடத்தில்.

அவள் பென்சில் டப்பாவைத் திறந்து அழிரப்பரை எடுத்தாள். "மாரியின்" என்பதில் நடு எழுத்து இரண்டை அழித்தாள். அந்த இடத்தில் வேறு இரண்டு எழுத்தை, அவன் எழுதுவதுபோலவே மெல்லமாக எழுதினாள். மாட்டின் கிணறு. அழிரப்பர்த் தூளை ஊதிவிட்டாள். ஒரு நிமிசம் அவளுக்கு நல்ல சந்தோசமாக இருந்தது. அவன் நாளைக்கே பார்த்துச் சிரிப்பான், அல்லது கோபித்துக் கேட்பான். கேட்டால் அவளும் கேட்கலாம்.

ஆனால் அவன் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை போனது. மாட்டை அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்து அழித்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் நடுவில் ஒருநாள் அவன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் வந்து நின்றான்.

"அச்சுக்கு முந்தின பார்வைப்படி வந்திட்டுது" என்றான். "ஒரு பிழை. மாரியின்ர கிணத்தை மாட்டின்ர கிணறு எண்டு எழுதிவிட்டிட்டன்."

அவள் கையிலிருந்த அகப்பை கறிச்சட்டிக்குள் அசையாமல் நின்றது.

"அந்தத் தீவிலை தொட்டதெல்லாம் மாடுதானே. கை தன்ரபாட்டிலை எழுதிப் போட்டுது போல."

"அது... பெரிய பிழையோ?"

"ஒண்டு பிழையெண்டா மிச்சம் முந்நூறும் சரியெண்டு எப்பிடி நம்புறது எண்டு டைரக்டர் கேக்கிறார். கேக்கத்தானே வேணும். மாத முடிவோட பயிற்சி முடியுதாம். வேலை தாறதைப் பற்றிப் பிறகு பாப்பமாம். பிறகு எண்டா இல்லை எண்டுதான்." அவன் கொப்பியை வெளியே எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூடினான். "என்ர பிழைதான்" என்றான் மறுபடியும்.

அன்று அவன் சாப்பிட்ட சோற்றில் பாதி கோப்பையிலேயே இருந்தது. அவளுக்கும் இறங்கவில்லை. சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால், ஒரு வெள்ளைக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக என்று எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் பத்து மணிக்கு அவள் பஸ் ஏறி அந்த நிலையத்துக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே கசெற்றில் ஒரு கிழவரின் குரல் கேட்டது. கதவு திறந்திருந்தது. நீளமான சாய்மேசை, அதன் ஒரு நுனியில் மாரி, மறு நுனியில் அந்தோனிதாசன். இடையில் நாலு பேர் உட்காரலாம். அவள் மனதில் வரைந்து வைத்திருந்த மேசை இதைவிடச் சின்னது.

"இஞ்சாரும், என்ன இஞ்ச?" என்று அவன் பதறி எழுந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஏ லெவலில் படித்த ஆங்கிலத்தைத் திரட்டிக்கொண்டு மாரியிடம் சொன்னாள். "மாடு நான் எழுதினது. அவர் இல்லை. நான் அழித்து எழுதினேன்."

மாரி கசெற்றை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சிரிப்பாள், அல்லது பரவாயில்லை என்பாள் என்று மேரிசெலின் எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அந்தக் கிணறு யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மாரி கேட்டாள்.

"உங்களுடையது."

"என்னுடையதா?" மாரி அவளையும் அந்தோனிதாசனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது இருநூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய தாளிலேயே இருக்கிறது. மாதா இல்லை. மாதாவுக்கு எங்கள் மொழியில் வேறு பெயர். யாரோ ஒரு சாதாரண மாரி. யாருக்குப் பெண்டாட்டி, எத்தனை பிள்ளை, ஒன்றும் யாருக்கும் தெரியாது. வீடு இல்லை, கல்லறை இல்லை. அவளுக்கென்று மிச்சம் இருப்பது அந்தக் கிணற்றில் ஒட்டியிருக்கிற பெயர் ஒன்றுதான். அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள்."

மாரி சத்தம் போட்டிருந்தால் மேரிசெலினுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெயர் அழிந்து போவது என்ன என்று இந்தக் கட்டிடத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் அது தனக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதையே அவள் இன்னொருத்திக்குச் செய்திருக்கிறாள். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, கேட்க வந்ததையும் கேட்டுவிட்டாள்.

"நீங்கள் மாரி என்றால், அவர் ஏன் உங்களை வாரி என்று கூப்பிடுகிறார்?"

இப்போதுதான் மாரிக்கு விளங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். உதடு கோணியது, ஆனாலும் சிரிக்கவில்லை.

"என்னைப் பற்றிப் பேசினால் நான் மாரி. என்னைக் கூப்பிட்டால் வாரி. எங்கள் மொழியில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் முதல் ஒலி மாறும். என் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார். தபால்காரரும் அப்படித்தான். கிணற்றின் பெயரிலும் அதே மாற்றம்தான் வந்திருக்கிறது. உங்கள் மொழியில் கூப்பிடும்போது பெயர் மாறாதா?"

மாறும். மகன் மகனே ஆவான். அண்ணன் அண்ணா ஆவான். எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை. ஒன்பதாம் வகுப்பில் அதற்கு முழுப் புள்ளி வாங்கியவள் மேரிசெலின். கூப்பிடேக்க அப்பிடித்தான் என்று அவன் பஸ்ஸில் சொன்னது இலக்கணம். அவள் அதை ஒரு மாதமாக வாக்குமூலமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் பெயர் என்ன?" என்று மாரி கேட்டாள். "இவர் ஒருநாளும் சொன்னதில்லை. மை வைஃப் என்றுதான் சொல்லுவார்."

"மேரி. மேரிசெலின்."

"அப்படியென்றால் நீங்களும் மாரிதான்." இப்போது அவள் சிரித்தாள். "கூப்பிட்டால் நீங்களும் வாரி."

அந்தோனிதாசன் இவ்வளவு நேரமும் தன் நுனியில் நின்று, பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான். மேரிசெலின் தமிழில், தரையைப் பார்த்தபடி, "உங்களிட்டை முதலே சொல்லியிருக்கோணும்" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நேற்றுக் கொப்பியைத் திறந்த உடனை தெரியும். உம்மட டானாவுக்குக் கால் வளைஞ்சிருக்கும். ஒன்றரை வருசம் உம்மட கடிதந்தானே வாசிச்சனான். எனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சும் என்ர பிழை எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"பின்னை என்ன, டைரக்டரிட்டைப் போய் மனிசி மாடு எழுதினவ எண்டு சொல்லுறதோ?" அவன் குரல் தாழ்ந்தது. "ஏன் எழுதினனீர் எண்டுதான் ராத்திரி விளங்கேல்லை. விடிய விடிய யோசிச்சன். மாடு எண்டு ஏன் எண்டு."

 அவளுக்கு முகம் சிவந்து, பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது.

மாரி எழுந்து கீழ்மாடிக்கு, டைரக்டரிடம் போனாள். கால் மணித்தியாலம் கழித்து வந்தாள். ஒரு மாதம் நீட்டித்திருக்கிறார். அதற்குள் முந்நூறு பெயரையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். பிழை இல்லையென்றால் வேலை பற்றிப் பேசலாம். "கொப்பியை நீங்கள் வாசிக்க வேண்டும்" என்று மேரிசெலினைப் பார்த்துச் சொன்னாள். "எந்த எழுத்தை யார் எழுதியது என்று உங்களுக்குத்தான் தெரியும். தினமும் ஒன்பதரைக்கு."

முத்தங்களின் திட்டியையும் தான் சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கும் என்பது மேரிசெலினுக்கு நினைவு வந்தது. தலையாட்டினாள்.

பின்னேரம் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கொப்பியை மேலே விட்டுவிட்டதாகச் சொல்லி அவன் திரும்ப ஏறினான். அவள் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் போய் நின்றாள். வேண்டுமென்றுதான் கடந்தாள். அவர்களுடைய பஸ் இந்தப் பக்கத்தில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவன் கொப்பியோடு இறங்கி வந்து, அவளைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"இஞ்சாரும்" என்றான் தெருவின் அந்தக் கரையிலிருந்து. "பஸ் இந்தப் பக்கம்."

அவள் கடைக் கண்ணாடியில் தொங்கிய கையுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாரும்."

கையுறைகளில் ஒரு சோடி சிவப்பு. விலை அதிகம்.

தெருவில் ஒரு லொறி போனது. அதன் பின்னால் ஒரு சைக்கிள். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழும்பி நிற்கச் சொன்ன பிள்ளைபோல அவன் கூப்பிட்டான்.

"செலின்."

அவளுக்குக் கால் அசையப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். அன்றைக்குச் சந்தையில் பூக்கோவாக்காரனே நிமிர்ந்து பார்த்தான். இன்றைக்கு யார் பார்த்தது? பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கிழவருக்கே கேட்டிருக்காது.

"கேக்கேல்லை" என்றாள் திரும்பாமல்.

"பஸ் வருது."

"வரட்டும்."

"செலின்" என்றான் அவன், இந்த முறை வாய் நிறைய. கிழவர் திரும்பிப் பார்த்தார். நாயோடு போன ஒரு பெண்ணும் பார்த்தாள். மேலே ஒரு ஜன்னலில் மூக்குக்கண்ணாடி ஒன்று மின்னியதுபோல இருந்தது.

அவள் தெருவைக் கடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.  அவனுக்குக் காதுமடல் சிவந்திருந்தது. அது குளிரால் இல்லை.

"நீர் மட்டும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனீரோ?" என்று பஸ்ஸில் ஏறும்போது முணுமுணுத்தான்.

"அதைப் பிறகு பாப்பம்." ஜன்னலோரம் உட்கார்ந்து, கொப்பியை அவனிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாளையிலை இருந்து மாரியை என்னெண்டு கூப்பிடப் போறியள்?"

"வாரி எண்டுதான். அவையின்ர இலக்கணம் அது."

"ஓம், இலக்கணந்தான்" என்றாள் அவள். "ஆனா அங்க கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்கோ."